விடை தங்க இடமில்லாத கணக்கு: சி மொழியில் முழு எண்ணின் தனிமதிப்பு

ஓர் எண்ணின் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது தனிமதிப்பு. கூட்டல் ஐந்துக்கும் ஐந்து, கழித்தல் ஐந்துக்கும் ஐந்து. எண்கோட்டை வரைந்து, சுழியிலிருந்து எத்தனை படி தள்ளி நிற்கிறது என்று எண்ணிக் காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். சி மொழியிலும் இது ஒரே வரி வேலைதான்: எண் சுழியைவிடச் சிறியதானால் குறியை மாற்று, இல்லையானால் அப்படியே விடு. அந்த ஒரு வரியைக்கூட நாம் எழுத வேண்டியதில்லை. ‘ஆப்ஸ்’ என்ற செயற்கூறு மொழியோடு வரும் லைப்ரரியிலேயே இருக்கிறது. 1989-இல் வந்த முதல் தரநிலையிலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் 35 ஆண்டுகள் கழித்து, 2024-இல் வெளியான சி23 தரநிலையிலும், அந்தச் செயற்கூறின் விளக்கத்தில் ஒரு நிபந்தனை மாறாமல் நிற்கிறது. விடையைக் குறிக்க முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. குறியை நீக்குவதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு செயற்கூறுக்கு எதற்கு இப்படி ஒரு நிபந்தனை?

தனிமதிப்பைப் பற்றிய பேச்சு நிரலர்களிடையே பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. ‘இஃப்’ போட்டு எழுதுவதா, மேக்ரோவாக எழுதுவதா, பிட்டுகளைப் புரட்டும் வித்தையால் கிளைபிரியாமல் முடிப்பதா என்று வாதிடுகிறார்கள். இந்த வழிகள் எல்லாவற்றையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்தால், அவை ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தோற்பது தெரியும். ஆகவே கோளாறு கணக்கிடும் வழியில் இல்லை. வந்த விடையை எந்த வகை மாறியில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. குறியுள்ள எண் ஒன்றின் தனிமதிப்பு, குறியற்ற வகையில் வைக்கப்பட வேண்டிய ஒன்று. சி மொழியின் ‘ஆப்ஸ்’ அதைக் குறியுள்ள வகையிலேயே திருப்பித் தருகிறது. நிரலர்கள் காலங்காலமாகச் சந்தித்துவரும் பிழைகளின் வேர் இந்த ஒரு முடிவில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துணையில்லாத ஓர் எண்

பிளஸ் ஒன் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இரண்டின் நிரப்பு முறை நினைவிருக்கும். ஓர் எண்ணின் குறியை மாற்ற, அதன் பிட்டுகள் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டு, ஒன்றைக் கூட்ட வேண்டும். எட்டு பிட்டுகளில் ஐந்து என்பது 00000101. புரட்டினால் 11111010, ஒன்றைக் கூட்டினால் 11111011. இதுதான் −5. மறுபடி புரட்டி ஒன்றைக் கூட்டினால் பழைய ஐந்தே வந்துவிடும். இனி இதே கணக்கை −128-க்குப் போட்டுப் பாருங்கள். அதன் வடிவம் 10000000. புரட்டினால் 01111111. ஒன்றைக் கூட்டினால் ஒவ்வொரு இடத்திலும் கைமீதி ஏறி, கடைசியில் மீண்டும் 10000000. குறியை மாற்றும்படி சொன்னோம், எண் அசையவில்லை. +128 என்ற விடையை எட்டு குறியுள்ள பிட்டுகளில் எழுதவே முடியாது, ஏனென்றால் அங்கே உச்ச எண் 127. இன்றைய கணினிகளில் ‘இன்ட்’ வகை பெரும்பாலும் 32 பிட். அதன் அடிமட்ட எண் −2,14,74,83,648. உச்ச எண் 2,14,74,83,647. கீழே ஒன்று கூடுதல், மேலே ஒன்று குறைவு. அந்த அடிமட்ட எண்ணுக்கு மறுபக்கத்தில் துணை கிடையாது.

இதை இரண்டின் நிரப்பு முறையின் குறை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எத்தனை பிட்டுகளை எடுத்தாலும் கிடைக்கும் வடிவங்களின் எண்ணிக்கை இரட்டைப்படை. அதில் ஒன்றைச் சுழிக்கு ஒதுக்கினால் மிஞ்சுவது ஒற்றைப்படை. ஒற்றைப்படை எண்ணிக்கையை நேர் எண்களுக்கும் எதிர் எண்களுக்கும் சரிபாதியாகப் பங்கிட வழியே இல்லை. சுழி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், எல்லா வடிவங்களும் பயன்பட வேண்டும் என்று கேட்டுவிட்டால், ஏதோ ஒரு பக்கத்தில் ஓர் எண் தனித்து நின்றே தீரும். சமமாகப் பங்கிட விரும்பினால் சுழியை இரண்டாக்க வேண்டும். அப்படிச் செய்த கணினிகளும் இருந்தன. 1964-இல் வந்த சிடிசி 6600, யூனிவாக் 1100 வரிசை ஆகியவை ஒன்றின் நிரப்பு முறையைக் கையாண்டன. அவற்றில் குறியை மாற்றுவது பிட்டுகளைப் புரட்டுவது மட்டுமே. எண் வரம்பு இருபுறமும் சமம் என்பதால் தனிமதிப்புக்கு எந்த ஓட்டையும் இல்லை. ஆனால் கூட்டல் சுழி, கழித்தல் சுழி என இரண்டு சுழிகள் உண்டு. ஓர் எண் சுழிதானா என்று பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டல், கழித்தல் இரண்டையும் ஒரே மின்சுற்றால் முடிக்க உதவிய இரண்டின் நிரப்பு முறையைத்தான் 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 எடுத்துக்கொண்டது. சி மொழி வளர்ந்த பிடிபி-11 கணினியும் அதே வழிதான்.

முதல் தரநிலையை எழுதியவர்கள் பலவகைக் கணினிகளுக்கும் பொதுவாக எழுத வேண்டியிருந்தது. குறி-அளவு முறை, ஒன்றின் நிரப்பு, இரண்டின் நிரப்பு ஆகிய மூன்றுக்கும் அவர்கள் இடம் விட்டார்கள். எனவே ‘ஆப்ஸ்’ எங்கே என்ன தரும் என்று ஒரே வாக்கியத்தில் கட்டுப்படுத்த முடியாமல், வரையறை இல்லை என்று விட்டார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு. சி23 மற்ற இரண்டு முறைகளையும் கைவிட்டு, இரண்டின் நிரப்பை மட்டுமே ஏற்றது. அதோடு இந்த ஓட்டை அடைபட்டிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அடைபடவில்லை. எண்ணின் வடிவம் உறுதியானது. குறியுள்ள கணக்கில் விடை வரம்பை மீறி வழிந்தால் என்ன நடக்கும் என்பது இன்றும் வரையறைக்கு வெளியேதான் இருக்கிறது. பழைய கணினிகள் மறைந்தது சிக்கலைத் தீர்க்கவில்லை. தனிமதிப்பு ஒழுங்காக வேலைசெய்த முறைகள் போய், அது இடறும் முறை ஒன்று மட்டும் நிலைத்தது.

வழிகள் பல, பள்ளம் ஒன்று

இனி வழிகளைப் பார்ப்போம். முதலாவது, நேரடியான நிபந்தனை: அ < 0 ? -அ : அ. படித்தவுடன் புரியும். இதையே மேக்ரோவாக எழுதும் பழக்கம் பழைய நிரல்களில் நிறைய உண்டு; அதில் வேறு இரண்டு ஆபத்துகள் சேர்ந்துகொள்கின்றன. அடைப்புக்குறிகளைச் சரியாகப் போடாவிட்டால், ‘ப - க’ என்ற கோவையை உள்ளே கொடுக்கும்போது கழித்தல் குறி ‘ப’-வை மட்டும் பிடித்துக்கொள்ளும். அடைப்புக்குறிகளை ஒழுங்காகப் போட்டாலும், உள்ளே கொடுக்கும் கோவை இரண்டு முறை கணக்கிடப்படும். மாறியை ஒன்று கூட்டும் ‘அ++’ போன்ற கோவையைக் கொடுத்தால் மாறி இரண்டு தடவை நகர்ந்துவிடும். லைப்ரரிச் செயற்கூறு இந்த இரண்டிலிருந்தும் காப்பாற்றுகிறது. ஆனால் அடிமட்ட எண்ணிடமிருந்து இவை எதுவுமே காப்பாற்றுவதில்லை.

அடுத்தது பிட் வித்தை. 32 பிட் எண்ணை வலப்பக்கமாக 31 இடம் தள்ளினால், நேர் எண்ணுக்கு எல்லாம் சுழியாகவும், எதிர் எண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவும் உள்ள ஒரு முகமூடி கிடைக்கும். அதை ‘ம’ என்று வைத்துக்கொண்டால், (அ ^ ம) - ம என்பதே தனிமதிப்பு. எட்டு பிட்டில் −5-ஐ எடுப்போம். 11111011-ஐ 11111111-உடன் எக்ஸார் செய்தால் 00000100, அதாவது 4. முகமூடியின் மதிப்பு −1. அதைக் கழித்தால் 5. நேர் எண்ணுக்கு முகமூடி சுழி என்பதால் எதுவும் மாறாது. கிளைபிரிதல் இல்லாத, பார்க்க அழகான வழி. இதன் ஒரு வடிவத்துக்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமையே பெற்றது. மூன்று கட்டளைகளில் முடியும் ஒரு கணக்குக்குக் காப்புரிமை என்பதே, அன்று வேகத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதைக் காட்டும். ஆனால் எதிர் எண்ணை வலப்பக்கம் தள்ளினால் என்ன கிடைக்கும் என்பதை சி தரநிலை இன்றும் கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. அடிமட்ட எண்ணுக்கு இந்த வித்தையும் வழிகிறது: எக்ஸார் செய்தால் உச்ச எண், அதிலிருந்து −1-ஐக் கழித்தால் வரம்புக்கு மேலே ஒன்று.

இன்றைக்கு இந்த வித்தையைக் கையால் எழுதவும் தேவையில்லை. நேரடியான நிபந்தனையை எழுதினாலும், ‘ஆப்ஸ்’ என்று அழைத்தாலும், ஜிசிசி, க்ளாங் போன்ற கம்பைலர்கள் அதைத் தனிமதிப்பு என்று அடையாளம் கண்டு, கிளைபிரியாத கட்டளைகளாக மாற்றிவிடுகின்றன. எக்ஸ்86 செயலியில் குறியை மாற்றும் ஒரு கட்டளை, நிபந்தனையோடு நகல் எடுக்கும் ஒரு கட்டளை; அதோடு வேலை முடிந்தது. ஆகவே எது வேகமானது என்ற பழைய கேள்விக்கு இன்று மிஞ்சியிருக்கும் பொருள் மிகக் குறைவு. தெளிவாக எழுதப்பட்ட நிரலே வேகமான நிரலாகவும் இருக்கிறது. நம் கவனம் போக வேண்டிய இடம், எந்த வழியில் போனாலும் எதிர்ப்படுகிற அந்தப் பள்ளம்.

வகையைக் கவனிக்காததால் வரும் பிழைகள் அடிமட்ட எண்ணோடு நிற்பதுமில்லை. சி மொழியில் ‘இன்ட்’-க்கு ஆப்ஸ், ‘லாங்’-க்கு லாப்ஸ், ‘லாங் லாங்’-க்கு எல்லாப்ஸ் என்று தனித்தனிச் செயற்கூறுகள் உண்டு. கடைசியானது 1999-இன் தரநிலையில் சேர்ந்தது. தசம எண்களுக்கு எஃபாப்ஸ். பெயரை மாற்றி அழைத்தாலும் நிரல் கம்பைல் ஆகிவிடும். −3.7-ஐ ஆப்ஸிடம் கொடுத்தால், உள்ளே நுழையும்போதே தசமப் பகுதி வெட்டுப்பட்டு 3 என்று வரும். 64 பிட் மாறியில் உள்ள −5,00,00,00,000 என்ற எண்ணை, அதாவது கழித்தல் 500 கோடியை, 32 பிட் ஆப்ஸிடம் கொடுத்தால் வழக்கமான கணினிகளில் 70,50,32,704 என்ற தொடர்பே இல்லாத எண் வெளியே வரும். மேல் பிட்டுகள் கழன்று விழுந்துவிட்டன. க்ளாங் இதற்கென்றே தனி எச்சரிக்கை வைத்திருக்கிறது. இங்கும் கணக்கு சரி. எண்ணும் விடையும் இருந்த பாத்திரம் சிறியது.

வரையறை இல்லை என்பதன் பொருள்

இனி முதல் மறுப்பைக் கேட்போம். ‘அடிமட்ட எண் வந்தால் அதே எதிர் எண் திரும்பி வரும், அவ்வளவுதானே, அதைப் பிறகு சோதித்துக்கொள்ளலாம்’ என்பார்கள். இயந்திரம் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் நிரல் நேராக இயந்திரத்திடம் போவதில்லை, கம்பைலர் வழியாகப் போகிறது. ஆப்ஸ் கொடுத்த விடை சுழியைவிடச் சிறியதா என்று ஒரு வரி எழுதி, சிறியதானால் பிழை என்று நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். எச்சரிக்கையோடு எழுதிய வரி அது. கம்பைலரோ இப்படி முடிவெடுக்கிறது: வரையறுக்கப்பட்ட நடத்தைக்குள் தனிமதிப்பு ஒருபோதும் எதிர் எண் ஆகாது, ஆகவே இந்தச் சோதனை எப்போதும் பொய், ஆகவே இந்த வரியே தேவையில்லை. அந்தச் சோதனையை அது நீக்கிவிட முழு உரிமை உண்டு. ஜிசிசி அதை நீக்கவும் செய்கிறது. காவலுக்கு நிறுத்திய ஆளையே வாசலிலிருந்து அனுப்பிவிட்டு, கதவு பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருப்பது போன்றது இது. சோதனை பயனளிக்க வேண்டுமானால் ஆப்ஸை அழைப்பதற்கு முன்பே, எண் அடிமட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடிமட்ட எண்ணை நிரலில் எழுதுவதே கவனம் தேவைப்படும் வேலை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சி மொழியில் −2,14,74,83,648 என்று ஒரே எண்ணாக எழுத முடியாது. மொழி முதலில் 2,14,74,83,648-ஐத் தனியாக வாசிக்கிறது, பிறகுதான் கழித்தல் குறியைச் சேர்க்கிறது. அந்த நேர் எண் ‘இன்ட்’-க்குள் அடங்காததால் வேறு பெரிய வகைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் வரம்புகளைத் தரும் தலைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், அடிமட்ட எண் அங்கே ‘உச்ச எண்ணின் எதிர் எண், அதில் ஒன்று குறைவு’ என்று கணக்காகவே எழுதப்பட்டிருக்கும். துணையில்லாத எண்ணைச் சுட்டக்கூட மொழி சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணின் தொல்லை தனிமதிப்போடு முடிவதில்லை. அதை −1-ஆல் வகுத்தாலும் அதே +2,14,74,83,648 தேவைப்படுகிறது. எக்ஸ்86 செயலியின் வகுத்தல் கட்டளை அந்த நிலையில் விடை எதுவும் தராமல் பிழைக் குறுக்கீட்டை எழுப்பும். லினக்ஸில் ஓடும் நிரல் அந்த இடத்திலேயே செத்துவிழும். வெளியிலிருந்து இரண்டு எண்களைப் பெற்று வகுக்கும் ஒரு சேவையகத்தை நிறுத்த, சுழியால் வகுக்கச் சொல்ல வேண்டியதில்லை, இந்த இரண்டு எண்கள் போதும். சுழியைத் தடுக்க எல்லோரும் கற்றிருக்கிறோம். இதைத் தடுக்கக் கற்றவர்கள் குறைவு.

அந்த எண் வராது என்ற நம்பிக்கை

இரண்டாவது மறுப்பு இன்னும் பரவலானது: ‘429 கோடி எண்களில் ஒன்றே ஒன்று. அது என் நிரலுக்கு ஏன் வரப்போகிறது?’ மனிதர்கள் கையால் தட்டும் எண்களுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும். வெப்பநிலை, மதிப்பெண், கடையில் இருக்கும் சரக்கின் எண்ணிக்கை ஆகியவை அந்த எல்லையை நெருங்குவதே இல்லை. ஆனால் கணினிக்குள் ஓடும் எண்கள் எல்லாம் மனிதர்கள் தட்டியவை அல்ல. ஒரு சொல்லை எந்தப் பெட்டியில் போடுவது என்று தீர்மானிக்க ஹாஷ் மதிப்பு கணக்கிடுகிறோம். நல்ல ஹாஷ் என்பதன் இலக்கணமே எல்லா எண்களையும் ஏறக்குறைய சம வாய்ப்போடு தருவது. விநாடிக்குப் பத்தாயிரம் ஹாஷ் கணக்கிடும் சேவையகத்தில், 4,29,49,67,296 வடிவங்களில் குறிப்பிட்ட ஒன்று சராசரியாக ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்துவிடும். அதன் தனிமதிப்பை எடுத்து, பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைக் காணும் நிரல், அன்றைக்கு எதிர் எண்ணுள்ள ஒரு பெட்டியைத் தேடிப்போகக்கூடும். ஜாவா மொழியில் இந்தப் பிழை பெயர்பெற்றது. பாலிஜீன், லூப்ரிகன்ட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விடாமல் சிற்றெழுத்தில் சேர்த்தெழுதினால், ஜாவா தரும் ஹாஷ் மதிப்பு மிகச்சரியாக அந்த அடிமட்ட எண். இவ்வளவு சாதாரணமான எழுத்துக் கோவையிலிருந்து அது பிறக்கிறது என்றால், அதை அரியது என்று ஒதுக்கிவைப்பது சரியல்ல. தாக்க நினைப்பவர் வாய்ப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவும் மாட்டார். அந்த எண்ணையே தேடி அனுப்புவார்.

வரம்பு குறுகக் குறுக வாய்ப்பு பெருகுகிறது. குறுந்தகட்டின் ஒலி 16 பிட் மாதிரிகளால் ஆனது. ஒவ்வோர் ஒலித்தடத்திலும் விநாடிக்கு 44,100 மாதிரிகள். அங்கே அடிமட்டம் −32,768. உரக்கப் பதிவான இசையில் அலை கீழ் எல்லையைத் தொட்டு நிற்கும்போது அந்த எண் வரிசையாக வரக்கூடும். ஒலியின் உச்சத்தைக் காட்டும் ஒரு மானியை எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதிரியின் தனிமதிப்பையும் எடுத்து, இதுவரை கண்டதில் பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும். சி மொழியில் ‘ஷார்ட்’ வகை கணக்கின்போது ‘இன்ட்’ ஆக உயர்வதால், ஆப்ஸ் 32,768 என்று சரியான விடையைத்தான் தரும். அந்த விடையைத் திரும்ப ‘ஷார்ட்’ மாறியில் போட்டால் அது −32,768 ஆகிவிடும். பதிவிலேயே மிக உரத்த மாதிரி, மானிக்கு மிக மெல்லிய மாதிரியாகத் தெரியும். ஆப்ஸ் இங்கே எந்தத் தவறும் செய்யவில்லை. விடையைக் குறியுள்ள சிறிய வகையில் திணித்ததுதான் தவறு. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த எண்ணை மறந்தவர்கள் கற்றுக்குட்டிகள் மட்டும் அல்லர் என்பதற்குச் சி மொழியின் மூல நூலே சான்று. கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய நூலின் 1988-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், முழு எண்ணை எழுத்துக்கோவையாக மாற்றும் ஒரு செயற்கூறு வருகிறது. எதிர் எண் வந்தால் முதலில் குறியை மாற்றிக்கொண்டு, பிறகு இலக்கங்களைப் பிரிக்கும். அந்தச் செயற்கூறு மிகப்பெரிய எதிர் எண்ணுக்கு வேலைசெய்யாது என்பதை ஆசிரியர்களே மறைக்காமல் சொல்லி, ஏன் என்று விளக்கித் திருத்தும்படி பயிற்சி 3-4-ஆக வாசகருக்குக் கொடுத்தார்கள். மொழியின் மூல நூலை எழுதியவர்களும் அந்தப் பள்ளத்தைக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அந்தப் பயிற்சியைச் செய்யாமல் பக்கத்தைப் புரட்டியவர்கள் அதன் விலையைப் பிற்பாடு கொடுக்கிறார்கள்.

இடம் கொடுக்கும் தீர்வு

தீர்வு எண்ணிப் பார்த்தாலே தெரியும். 32 பிட் குறியுள்ள எண்களின் தனிமதிப்புகள் சுழியிலிருந்து 2,14,74,83,648 வரை. குறியுள்ள வகையில் நேர் பக்கத்தில் இருக்கும் இடம் 2,14,74,83,647 வரைதான். ஓர் இடம் குறைகிறது. அதே 32 பிட்டைக் குறியற்ற வகையாக எடுத்தால் 4,29,49,67,295 வரை இடம் உண்டு. எல்லா விடைகளும் வசதியாக அடங்கும். குறியற்ற கணக்கில் வழிதல் என்ற பேச்சே இல்லை. விடை 2-இன் 32-ஆம் அடுக்கைச் சுற்றி வரும் என்று தரநிலை உறுதியாக வரையறுத்திருக்கிறது. ஆகவே எதிர் எண் வந்தால், முதலில் அதை ‘அன்சைன்ட்’ வகைக்கு மாற்ற வேண்டும். பிறகு சுழியிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். −5 என்பது மாற்றத்துக்குப் பின் 4,29,49,67,291. சுழியிலிருந்து கழித்தால் சுற்றி வந்து 5. அடிமட்ட எண் மாற்றத்துக்குப் பின் 2,14,74,83,648, கழித்தால் அதுவே. அதுதான் சரியான விடையும். வரிசை முக்கியம். முதலில் குறியை மாற்றி, பிறகு ‘அன்சைன்ட்’ ஆக்கினால், முதல் படியிலேயே வரையறைக்கு வெளியே போய்விடுகிறோம். இதற்குக் கூடுதல் செலவும் இல்லை. ஆப்ஸுக்கு வரும் அதே இயந்திரக் கட்டளைகள்தான் இதற்கும் வருகின்றன; வேறுபாடு, கம்பைலருக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதியில் மட்டுமே.

இரண்டு எண்களுக்கு இடையிலான தூரத்துக்கும் இதே நெறி பொருந்தும். நடைமுறையில் தனிமதிப்பு அதிகம் தேவைப்படுவது அங்கேதான். 200 கோடியும் கழித்தல் 200 கோடியும் 32 பிட்டுக்குள் அடங்கும் எண்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வரும் 400 கோடி அடங்காது. ஆப்ஸ் அழைக்கப்படுவதற்கு முன்பே கணக்கு வழிந்துவிடுகிறது. எது பெரியது என்று முதலில் பார்த்து, இரண்டையும் ‘அன்சைன்ட்’ ஆக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 400 கோடி பத்திரமாக வரும்.

செயலியைச் செய்பவர்கள் இந்த விடைக்கு எப்போதோ வந்துவிட்டார்கள். 2006-இல் கோர் 2 செயலிகளோடு வந்த எஸ்எஸ்எஸ்இ3 கட்டளைகளில், பல எண்களின் தனிமதிப்பை ஒரே நேரத்தில் காணும் கட்டளைகள் உண்டு. விடை குறியற்ற எண்ணாக வைக்கப்படும் என்று இன்டெல் கையேடு தெளிவாகவே சொல்கிறது. ஆர்ம் செயலிகளில் இன்னொரு வழியும் உண்டு: விடை அடங்காவிட்டால் உச்ச எண்ணிலேயே நிறுத்திக்கொள்ளும் கட்டளை, ஒலிக்கும் படத்துக்கும் அது பொருத்தம். மற்ற மொழிகளும் ஆளுக்கொரு முடிவெடுத்திருக்கின்றன. பைத்தானில் எண் தேவைக்கேற்ப வளர்வதால் கேள்வியே எழுவதில்லை. சி ஷார்ப் பிழை எழுப்பி நிறுத்துகிறது. ஜாவா அதே எதிர் எண்ணைத் திருப்பித் தருவதை ஆவணத்தில் ஒப்புக்கொண்டு, 15-ஆம் பதிப்பில் பிழை எழுப்பும் தனிச் செயற்கூறைச் சேர்த்தது. ரஸ்ட், குறியற்ற விடை தருவது, சோதித்துத் தருவது, சுற்றி வருவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, நிரலரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. இப்போது சி மொழியும் அந்தத் திசையில் திரும்பியிருக்கிறது. அடுத்த தரநிலைக்கான பணியில் ‘யுஆப்ஸ்’ என்ற பெயரில் குறியற்ற விடை தரும் செயற்கூறுகள் சேர்ந்துள்ளன. ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் 2025-இல் வந்த 2.42 பதிப்பு அவற்றை உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டது.

தீர்வை நோக்கியும் மறுப்புகள் உண்டு. பெரிய வகைக்கு மாறினால் போதுமே என்பது ஒன்று. ‘இன்ட்’ எண்ணை ‘லாங் லாங்’ ஆக்கி எல்லாப்ஸைக் கூப்பிட்டால், 32 பிட் ‘இன்ட்’ உள்ள இடங்களில் அது சரியான தீர்வே. ஆனால் 64 பிட் எண்ணுக்கு அடுத்த பெரிய வகை எங்கும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ‘லாங்’ போதும் என்று நினைப்பவர்கள் விண்டோஸில் ஏமாறுவார்கள். 64 பிட் விண்டோஸிலும் ‘லாங்’ 32 பிட்தான். குறியுள்ள வழிதலையும் சுற்றி வரச்செய்யும் கம்பைலர் தேர்வைப் போடலாம் என்பது இன்னொன்று. லினக்ஸ் கெர்னல் அப்படிப்பட்ட தேர்வோடுதான் கம்பைல் ஆகிறது. அதனால் கம்பைலர் சோதனைகளை நீக்குவது நிற்கும், பெரிய பாதுகாப்புதான். ஆனால் விடை அதே எதிர் எண்ணாகத்தான் இருக்கும். நடத்தை வரையறைக்குள் வந்துவிட்டது என்பதால் விடை சரியாகிவிடாது.

மிக வலுவான மறுப்பு மூன்றாவது: குறியற்ற வகை தனக்கென்று பிழைகளைக் கொண்டுவரும். உண்மை. குறியுள்ள −1-ஐயும் குறியற்ற 1-ஐயும் ஒப்பிட்டால், சி மொழி −1-ஐக் குறியற்ற எண்ணாக மாற்றி 4,29,49,67,295 ஆக்கிவிடும்; ஆகவே −1 பெரியது என்று விடை வரும். குறியற்ற 3-லிருந்து 5-ஐக் கழித்தால் எதிர் எண் வராது, பிரம்மாண்டமான நேர் எண் வரும். கண்ணை மூடிக்கொண்டு எங்கும் குறியற்ற வகையைப் பயன்படுத்துங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. இக்கட்டுரையும் அதைச் சொல்லவில்லை. தனிமதிப்பு கிடைத்த இடத்தில் அதன் இயல்பான வகை குறியற்றது. பிறகு குறியுள்ள கணக்குக்குள் கொண்டுபோக வேண்டுமானால், உச்ச எண்ணுக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். அந்த ஒரு சோதனை ஒளிவுமறைவின்றி நிரலில் நிற்கும். கம்பைலர் அதை நீக்க முடியாது. உள்ளீட்டின் வரம்பை ஏற்கெனவே சோதித்துவிட்ட இடங்களில் பழைய ஆப்ஸே போதுமானது, நல்லதும்கூட. வரம்பு தெரியாத எண் வருகிற வாசலில்தான் அதை நம்பக் கூடாது.

எதிர்த்திசையில் போகும் ஒரு வழியும் இருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை. துணையில்லாத எண் இருப்பது எதிர்ப் பக்கத்தில். ஆகவே எல்லா நேர் எண்களையும் எதிர் எண்களாக மாற்றினால் எதுவும் வழியாது. நேர் பக்கம் போகாமல் எதிர்ப் பக்கத்திலேயே கணக்கை நடத்தி, கடைசியில் தேவையானால் மட்டும் குறியை மாற்றலாம். மஸ்ல் என்ற சி லைப்ரரியில், எழுத்துக்கோவையை எண்ணாக்கும் செயற்கூறு இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது; இலக்கங்களை எதிர் எண்ணாகவே சேர்த்துக்கொண்டு போகிறது, அடிமட்ட எண்ணும் இடறாமல் வந்து சேர்கிறது. கெர்னிகனும் ரிச்சியும் கொடுத்த அந்தப் பயிற்சியையும் இந்த வழியில் தீர்க்கலாம்.

ஆகவே இந்த ஆய்வின் முடிவு இது. தனிமதிப்பைக் கணக்கிடும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. விடையின் வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சி கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆப்ஸை அறிமுகம் செய்யும் அன்றே, −128-இன் பிட்டுகளைப் பலகையில் புரட்டிக் காட்டி, அது அசையாமல் நிற்பதை மாணவர்கள் தங்கள் கையால் கணக்கிட்டுப் பார்க்கும்படி செய்யுங்கள். பத்து நிமிட வேலை. நிரல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு: உங்கள் நிரல்களில் ஆப்ஸ் வரும் இடங்களைத் தேடிப் பார்த்து, அந்த எண் எங்கிருந்து வருகிறது, அடிமட்ட எண் வந்தால் விடை எங்கே போய்த் தங்கும் என்று ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள். பதில் இல்லாத இடங்களில் விடையைக் குறியற்ற வகைக்கு மாற்றிவிடுங்கள்.